உனக்கென்ன அக்கா, நீ போல்டு

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. சின்னவள் வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம் வந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. அவளுடைய மூத்தது இப்போது அவளைவிட உயரம்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் உன்னோடு பேச ஆரம்பித்தாலே என் குரல் தானாகக் கெட்டியாகிவிடுகிறது. "சொல்லுடா, என்ன விஷயம்" என்று அதட்டலாக ஆரம்பிக்கிறேன். அப்புறம் அந்தக் குரலை இறக்க வழி தெரியாமல் கடைசிவரை அதே சுருதியில் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் உன்னிடம் சொன்னேன் இல்லையா, இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதித்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார் என்று. தம்பி என்னவோ சொல்லப்போகிறான் என்று நானும் காத்திருந்தேன். கடைசியில் நீ சொன்னது இதுதான்: "உனக்கென்ன அக்கா, நீ போல்டு. ஊதித் தள்ளிடுவே." அதோடு பிள்ளைக்குப் பல் முளைத்த கதைக்குத் தாவிவிட்டாய். பல் முளைத்தது சந்தோஷம்தான். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

போன வியாழக்கிழமை நடக்கவேண்டிய ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டரம்மாவுக்கு ஏதோ அவசரக் கேஸ். வேறு தேதி தருவார்கள். அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது அந்த வார்த்தையைப் பற்றி.

போல்டு. இந்த ஒரு வார்த்தையின் மேல் எனக்கு இப்போது இருக்கிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சின்னவளுடைய பிள்ளைகள் வைத்திருக்கிற அகராதியை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். துணிவான, தைரியமான, அஞ்சாத என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் "நாணமற்ற" என்றும் போட்டிருக்கிறான். ஆக மொத்தம் என்னைப் பற்றி ஊரில் சொல்கிற எல்லாவற்றையும் அவனே தொகுத்து வைத்துவிட்டான். ஆனால் நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு இருக்கிற அர்த்தம் எந்த அகராதியிலும் இல்லை. அதை நான் சொல்கிறேன், கேள்.

அந்த வார்த்தையை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது சித்தப்பா. அவர் சோப்புக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார் அல்லவா, ஊர் ஊராகப் போய்விட்டு வரும்போது சோப்பும் கொண்டுவருவார், புதிதாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் கொண்டுவருவார். சோப்பு கரைந்துவிட்டது. வார்த்தை என் தலையில் ஒட்டிக்கொண்டது. நான் ஏழாவது படிக்கும்போது நீ பந்தடித்து வீட்டுக்காரர் மாடிக் கண்ணாடியை உடைத்தாய். ஞாபகம் இருக்காது, இருந்தாலும் இல்லையென்பாய். அப்பாவுக்கு அந்த மனுஷனிடம் போய்ச் சொல்லக் கூச்சம், ஏற்கெனவே வாடகை பாக்கி. அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நீ கதவுக்குப் பின்னால். நான் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது சித்தப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குட்! பொண்ணு போல்டு" என்றார். அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்டார். எதுக்கும் பயப்படாதவள்னு அர்த்தம் என்றார். என் பாவாடைக்குள்ளே இரண்டு முழங்காலும் அடித்துக்கொண்டிருந்தன. அதை யார் பார்த்தார்கள்?

அன்றைக்கு ஆரம்பித்தது. கேஸ் கம்பெனியோடு சண்டையா, போல்டைக் கூப்பிடு. பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நம் பக்கம் நகர்த்திக் கட்டுகிறானா, போல்டைக் கூப்பிடு. குளியலறையில் வௌவால் புகுந்துவிட்டதா, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். வௌவாலைப் பார்த்தால் எனக்கு என்ன, கொஞ்சத் தோன்றுமா?

இன்னொன்று கவனித்திருக்கிறாயா? ஆம்பளைப் பசங்களை யாரும் போல்டு என்று சொல்வதில்லை. நீ தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனாய், பொறுப்பான பையன் என்றார்கள். நான் ராத்திரி பஸ்ஸில் தனியாக வந்தால் போல்டு. ஒரு வரன் வந்தது, பையன் பாங்கில் வேலை, உனக்குத் தெரியும். பேசிவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், "பொண்ணு நல்லாத்தான் இருக்காங்க, கொஞ்சம் போல்டா இருக்காங்களேன்னு யோசிக்கிறோம்." நான் செய்தது ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் காரில் பின்சக்கரத்தில் காற்று கம்மியாக இருக்கிறது என்று சொன்னேன். அதை அவனுடைய அம்மா இல்லாத நேரம் பார்த்துச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, சக்கரமே சோறு போடட்டும் என்றுதான் இந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இப்போது எங்கள் முதலாளி என்ன செய்திருக்கிறார் தெரியுமா? நான் ஓட்டுகிற காரின் கூரைமேல் வைக்கிற பலகையை மாற்றிவிட்டார். முன்பு "பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்" என்று அடக்கமாக இருந்தது. இப்போது சிவப்பு எழுத்தில் "போல்டு லேடி டிரைனர்" என்று எழுதி வைத்திருக்கிறார். சிக்னலில் நின்றால் பைக்கில் போகிற பயல்கள் எட்டிப்பார்க்கிறார்கள், உள்ளே ஏதோ சர்க்கஸ் நடக்கிற மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது? ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், பாலத்தில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணைத் திறங்கம்மா, கண்ணைத் திறங்கம்மா என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, என் பக்கத்து பிரேக்கின் மேல் கால் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வலது கால் கெண்டைச்சதை மட்டும் கல்லாக இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கெட்ட சேதி சொல்கிற உத்தியோகத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை. நம் வீட்டில் அது என் பரம்பரைச் சொத்து. சின்னவள் பரீட்சையில் கோட்டை விட்டதை அப்பாவிடம் சொன்னது நான். சித்தப்பா ரயிலிலேயே போய்ச்சேர்ந்ததைச் சித்தியிடம் சொன்னது நான். அப்பா போனதை அம்மாவிடம் சொன்னது நான், ஆஸ்பத்திரியில் நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டீர்கள். நீ காதலித்த சேதியைக்கூட நான்தான் சொன்னேன், நீ மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் நீ அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய், "நீ பக்குவமா சொல்லிடு அக்கா" என்று. எனக்கு ஒரு முறையே வந்துவிட்டது. முதலில் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆளை உட்காரவைக்கவேண்டும். சாப்பிட்டாச்சா என்று கேட்கவேண்டும். அப்புறம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடவேண்டும். இழுத்தால் அவர்களுக்கு மூச்சடைக்கும்.

இந்த முறை டாக்டரம்மா சொன்னதும் சின்னவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அழுதாள். நல்லது, அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, "அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது? எனக்கு வாயே வராது. நீதான் சொல்லணும்" என்றாள். என் சேதியை நானே கொண்டுபோய்ச் சொல்லவேண்டியதாயிற்று, தம்பி. வழக்கம்போல் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். உட்காரவைத்தேன். சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் டம்ளரைப் பார்க்கிறவள் ஆயிற்றே. முகம் வெளுத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குடீ?" என்றாள். எனக்குத்தாம்மா என்றேன்.

"அப்பாடா, உனக்கா. நான் தம்பிக்கோன்னு பதறிட்டேன்" என்றாள். அப்படியே தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

குடித்து முடித்தபிறகு விவரம் கேட்டாள், அழுதாள், எல்லாம் செய்தாள். குறை சொல்லவில்லை. பெற்றவளுக்கு இல்லாத பாசமா. "நீ போல்டு, நீ தாங்கிக்குவே. அவன்னா தாங்கமாட்டான்" என்று எனக்கே ஆறுதலும் சொன்னாள். அவள் தூங்கப் போனபிறகு அந்த டம்ளரைத் தேய்த்தேன் பார், அப்படித் தேய்த்தேன்.

ஆக, நம் வீட்டு அகராதியில் போல்டு என்றால் பயப்படாதவள் என்று அர்த்தமில்லை. இவளைப் பற்றி நாம் கவலைப்படவேண்டாம் என்று அர்த்தம். உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ். தப்பென்றால் சொல்.

வேறு விசேஷமில்லை. அம்மாவின் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது உடைந்து, நூல் கட்டி மாட்டிக்கொண்டிருக்கிறாள், மாற்றலாம் என்றால் கேட்கமாட்டேனென்கிறாள். உனக்கு லீவு கிடைக்குமா என்று சும்மா கேட்டுப் பார். அவசரமில்லை. கிடைத்தால் பார்க்கலாம் என்றுதான். பிள்ளைக்கு என் முத்தம். கடைவாய்ப் பல் வரும்போது வயிற்றுப்போக்கு வரும், பயப்படவேண்டாமென்று உன் வீட்டுக்காரியிடம் சொல்.

என்றும் உன் நலம் கோரும்,
அக்கா


புதன்கிழமை, காலை

தம்பிக்கு,

நேற்று நீ போன் செய்தாய். கடிதம் போன வாரமே கிடைத்ததென்றாய். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததென்றாய். உன் வீட்டுக்காரியை ஸ்பீக்கரில் கூப்பிட்டாய், அவளும் வௌவால் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னாள். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாயாம். உங்க அக்கா செம போல்டு என்றார்களாம். நீ பெருமையாகச் சொன்னாய். "நீ எழுத்தாளராகியிருக்கணும் அக்கா" என்று வேறு.

இன்று காலை பார்சல் வந்தது. ஆன்லைனில் நீ ஏற்பாடு செய்து அனுப்பிய பீங்கான் கோப்பை. அதன்மேல் அந்த வார்த்தையையே பெரிதாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாய். தமாஷுக்கு என்று சீட்டு வேறு. பார்சல் கொண்டுவந்தவனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சுவரில் வீசி அடித்திருப்பேன். அம்மா சத்தம் கேட்டு எழுந்துவிடுவாளே என்று வீசவில்லை.

உன்மேல் மட்டும் கோபமில்லை. எனக்கு என்மேலும் கோபம். உருப்படியாக ஒரு விஷயம் எழுத உட்கார்ந்தேன், பாதி வழியில் வேடிக்கை காட்டப் போய்விட்டேன். எனக்கு அது பழகிப்போயிற்று. நான் நேராகப் பேசினால் உங்கள் முகமெல்லாம் சுருங்கிவிடும், அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது, உடனே நானே ஒரு ஜோக்கைப் போட்டு உங்களைத் தேற்றிவிடுவேன். இந்தக் கடிதத்தில் ஜோக் கிடையாது. வந்தால் தவறி வந்ததென்று வைத்துக்கொள். யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

டாக்டரம்மாவுக்கு அவசரக் கேஸ் எதுவும் வரவில்லை. அவர் வந்திருந்தார், ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. நான்தான் ஓடிவந்துவிட்டேன்.

சின்னவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் வண்டியை நிறுத்தினாள், இறங்கவில்லை. "எனக்கு ஆஸ்பத்திரி வாசனைக்கே தலை சுத்தும்னு உனக்குத் தெரியும்லக்கா. நீ பார்த்துக்குவே. முடிஞ்சதும் போன் பண்ணு, வந்துடறேன்" என்றாள். சரி போ என்று நான்தான் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அங்கே ஒரு நர்ஸ், சின்னப் பெண், எதை எதையோ சரிபார்த்துவிட்டு, கூட யார் வந்திருக்காங்க என்று கேட்டாள். வருவாங்க என்றேன். மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பச்சை அங்கி கொடுத்தாள். முதுகுப் பக்கம் நாடா கட்டவேண்டிய அங்கி. எனக்கு இரண்டு நாடாதான் எட்டியது. நடுவில் இருப்பதைக் கட்ட ஆள் வேண்டும். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், பஸ் கண்டக்டர். நல்ல வாட்டசாட்டமான ஆள், பஸ்ஸில் ஒரு அதட்டல் போட்டால் படிக்கட்டில் தொங்குகிறவன் எல்லாம் உள்ளே போய்விடுவான் போலிருந்தது. பித்தப்பையில் கல்லாம். அவள் போட்டாள் பார் ஒரு சத்தம்! "எனக்கு ஊசின்னா பயம்னு சொன்னேன்ல, என்னை ஏன்டா இங்க கூட்டிட்டு வந்தீங்க, நான் செத்துடுவேன்" என்று. சுற்றி ஒரு கூட்டமே நின்றது. புருஷன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான், மகள் இன்னொரு கையை. நாத்தனார் கால்மாட்டில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டாள். ராத்திரி யார் தங்குவது என்று அவர்களுக்குள்ளே சண்டை, நான்தான் தங்குவேன், நீ தங்கினா அவளுக்குத் தூக்கம் வராது என்று. தம்பி, நான் இதுவரை யாருடைய நகையைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை, யாருடைய புருஷனைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. அந்தப் பெண் கத்துகிற கத்தலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நர்ஸ் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். முடியவில்லை. உடனே என்னைக் காட்டினாள். "அந்த மேடத்தைப் பாருங்க. எவ்வளவு போல்டா தனியா வந்து உட்கார்ந்திருக்காங்க!" அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மரியாதையோடு பார்த்தார்கள். கண்டக்டர்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ஒன்னும் ஆகாதும்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். பித்தப்பையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அப்புறம் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று பையோடு எழுந்தேன். உள்ளே போய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு, அங்கியை மடித்துக் குழாய்மேல் போட்டுவிட்டு, மருந்துக்கடைப் பக்கம் ஒரு வழி இருக்கிறது, அது வழியாக வெளியே வந்துவிட்டேன். வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறதென்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, ஊர் எல்லையில் இருக்கிற பஸ் டெப்போ. அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரும்புகிற பஸ் இரண்டைப் போகவிட்டு, மூன்றாவதில் ஏறி வீட்டுக்கு வந்தேன். வாசலில் அம்மா கேட்டாள், என்னடீ சீக்கிரம் வந்துட்டே என்று. அவசரக் கேஸாம்மா, தள்ளிப்போட்டுட்டாங்க என்றேன். சின்னவளுக்கும் போன் செய்து அதையே சொன்னேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதற்கடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மாவே கூப்பிட்டனுப்பினார். வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கட்டி இருக்கிற லட்சணத்தில் இனி ஒருதடவை தள்ளிப்போடுகிற வேலையே வேண்டாம் என்றார். அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறார். படித்த பொண்ணு, கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவங்க, நீங்களே இப்படி ஓடினா எப்படி என்று கேட்டார். துணைக்கு ஆள் இல்லாமல் வந்தால் இந்தத் தடவை நானே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேருக்கு ஒரு ஆள் போதாதா என்று கேட்டேன். நான் சொல்வது ஆஸ்பத்திரிக்காக இல்லை, உங்களுக்காக என்றார்.

யாரைக் கூட்டிப்போவேன், சொல். அம்மாவுக்கு மாடி ஏறமுடியாது, ஏறினாலும் நான் அவளைப் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கும். சின்னவளுக்கு வாசனை ஆகாது. முதலாளி வருகிறேனென்றார், வந்தால் நர்ஸுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கித் தருகிறேனென்று விசிட்டிங் கார்டு கொடுப்பார். பாரேன், ஜோக் வந்துவிட்டது.

நேற்று அந்த டீச்சரம்மா பாலத்தின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை, "பயமா இருக்கு மேடம், பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். வழக்கமாக இப்படிச் செய்தால் நான் கத்துவேன். நேற்று எனக்குக் கத்த வரவில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வயசுக்கு அவருக்கு வெட்கமாக இல்லையா? இல்லை. சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வண்டியைக் கிளப்பிவிட்டார். பாலத்தை விட்டு இறங்கும்வரை கண்ணை மூடவேயில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு இனி அதிகம் இல்லை.

நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பயத்தைச் சின்ன வயதிலேயே பிடித்துவைத்துக்கொண்டீர்கள். அம்மாவுக்குச் சாவு, சின்னவளுக்கு ரத்தம், உனக்கு இருட்டும் அப்பாவும். அதற்குத் தகுந்தமாதிரி உங்களை எல்லோரும் பார்த்துப் பார்த்து நடத்தினோம். நான் வரும்போது எல்லாம் தீர்ந்துவிட்டது. மூத்தவளாகப் பிறந்து கடைசியில் வரிசையில் நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன்னைக் குத்திக்காட்டவில்லை. உன்னை இருட்டில் பின்கட்டுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனபோதெல்லாம் எனக்கும் அந்தக் கை தேவைப்பட்டது. உனக்குத்தான் அது தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. இனிமேல் காட்டிக்கொள்ளப்போகிறேன், என்ன ஆகிவிடும்.

வருஷக் கடைசியில் வருகிறேன் என்றாய். வருஷக் கடைசி எனக்கு உபயோகமில்லை. லீவு கேட்பது கஷ்டமென்று சொன்னாய். கஷ்டமாக இருந்தால் கஷ்டப்பட்டுக் கேள். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பதை எண்ணிப்பார்த்துக்கொண்டு கேள். நீ வந்து ஒன்றும் வெட்டி முறிக்கவேண்டாம். டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்கவேண்டாம், மருந்து வாங்க ஓடவேண்டாம், அதையெல்லாம் நானே முன்னதாக முடித்துவைத்துவிடுவேன். என்னைத் தேற்றவும் வேண்டாம், உனக்கு அது வராது. உள்ளே கொண்டுபோகும்போது கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் நீ இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அழுகை வந்தால் அடக்காதே, என் முன்னாலேயே அழு. நான் ஜோக் அடித்தால் சிரிக்காதே.

வெளியே ஒரு கண்ணீரும் இல்லாமல், பாராட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக என்னால் முடியாது, தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டியைப் பார்த்தும் பயம், கத்தியைப் பார்த்தும் பயம், மயக்க மருந்து கொடுத்து எழுப்பும்போது முதலில் யார் முகம் தெரியுமென்று நினைத்தால் அது இன்னும் பயம்.

நீ நன்றாக இருக்கவேண்டும். உன் பிள்ளை எதைக் கண்டு பயந்தாலும் பயப்படட்டும், விடு. நீ எனக்காகக் கொஞ்சம் பயப்படுடா. பயந்துகொண்டே கிளம்பி வா.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா